அழுகிற ஸ்கேல் வேண்டாம் என்றேன்

ஜெபராஜ் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். அதில் மேலும் கீழுமாக இரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்தான்.

"அக்கா, மொத்தம் இவ்வளவுதான். மேல இருக்கது மேஜர். கீழ இருக்கது மைனர். இந்த ரெண்டு ஸ்கேலையும், அதான் சுர வரிசையையும், படிச்சிட்டீங்கன்னா அண்ணனப் பேச வச்சிரலாம்."

பொழுது விழுகிற நேரம். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, கை கால் கழுவி, சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். கையில் இன்னும் சாணி வாசம் இருந்தது. கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்தபடி என் வீட்டுக்காரர். அவருக்கு வலது கையும் வலது காலும் வராது. பேச்சும் வராது.

ஜெபராஜ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது கம்பியை மட்டும் மீட்டினான். முதலில் மேலே இருந்த கட்டம். மூன்று சுரம் ஏறி மூன்று சுரம் இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடுகிற மாதிரி வெள்ளையாக இருந்தது. பிறகு கீழே இருந்த கட்டம். அதே மூன்று சுரம்தான், கடைசிச் சுரம் மட்டும் ஒரு கட்டை பின்னால். அந்த ஒரு கட்டைக்கே அது ஒப்பாரி மாதிரி ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவதை வாசித்தபோது இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாத்தீங்களா, அண்ணனுக்கு ரெண்டும் வேணுமாம்" என்று சிரித்தான் ஜெபராஜ்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "வெளக்கு வெச்ச நேரத்துல என்ன தம்பி இது? ஊட்டுல சீக்காளிய வெச்சுக்கிட்டு எழவு ஊடு மாதிரி அழுகிற ஸ்கேலு எதுக்கு? அது வேண்டாம். மேல இருக்கறத மட்டும் சொல்லிக் குடு, போதும்" என்றேன்.

தாளை நடுவில் மடித்துக் கீழ்க்கட்டத்தை உள்ளே தள்ளிவிட்டேன்.

விழுந்த இடம்

சென்ற வாரம் இந்தத் தொடரில் எங்கள் பக்கத்துத் திருவிழா மேடைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நல்லாச் சிரிக்க வெச்சீங்க" என்று பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பு குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் கதிர்வேல். பாலக்காட்டு எல்லையில் மீனாட்சிபுரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை, ஆறு மாடு. அவருக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். கானமேளா என்று இங்கே சொல்கிற பாட்டுக் கச்சேரிக் குழு ஒன்றில் முப்பது வருடம் கிட்டார் வாசித்தார். தை பிறந்தால் வைகாசி வரைக்கும் ஆள் வீடு தங்க மாட்டார். கட்டுத்தறியில் மாடு கன்று போடும்போது எந்த ஊர் மேடையில் நிற்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அதற்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் இந்தப் பத்திரிகை முழுவதும் வேண்டும்.

ஜெபராஜ் அதே குழுவில் பேஸ் கிட்டார். சொந்த ஊர் இடுக்கியில் சக்குபள்ளம். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. காய் பறிப்பு ஓய்ந்ததும் இறங்கி வந்து, சீசன் முடிகிறவரை குழுவோடு சுற்றுவான். முப்பது வயசுக்காரன். என் வீட்டுக்காரர்மேல் உயிர்.

அவர் விழுந்தது வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில். ஒரு கன்று பார்க்கப் போனவர், விலை பேசிக்கொண்டே இருக்கும்போது வாய் குழறி, கால் பின்னிச் சாய்ந்திருக்கிறார். சுற்றி நின்றவர்களுக்கு இவரைத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

"பாட்டுக்காரனுக்கு வெடியாலயே ஏறிருச்சுடோய்" என்று சிரித்துவிட்டு ஒரு புளியமரத்தடியில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். அந்த மனிதர் வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. மேடை ஏறுகிறவன் குடிகாரனாகத்தான் இருப்பான் என்று ஊருக்கு ஒரு தீர்மானம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பேச்சு போனது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

அவர்களை நான் மன்னிக்கவில்லை. இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

ரம்யாவின் பட்டியல்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் கோவில் மைக்கில் ஏதோ பக்திப்பாட்டு போட்டார்கள். கட்டுத்தறியில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து கூடவே ஒரு முனகல். ஓடிப் போய்ப் பார்த்தால் இவர்தான். வார்த்தை இல்லை, ராகம் மட்டும் சரியாக வருகிறது. கையில் இருந்த தட்டோடு நின்று அழுதேன்.

பாலக்காட்டில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ரம்யா என்கிற பெண்ணிடம் அழைத்துப்போனேன். மலையாளத்துப் பெண். எனக்காகத் தமிழ் கலந்து பேசுவாள்.

"சேச்சி, பேசற எடமும் பாடற எடமும் மூளையில வேற வேற. பேசற எடத்துல ரத்தம் நின்னுபோச்சு. பாடற எடம் நல்லாத்தான் இருக்கு. அதனால வார்த்தையப் பாட்டுல வெச்சுக் குடுக்கணும். சின்ன வார்த்தை, ரெண்டு மூணு சுரம், அத்ரே உள்ளு, அவ்வளவுதான். பாடிப் பாடிப் பின்னால பேச்சு வரலாம்."

எப்படிப் பழகுவது என்றும் சொல்லித் தந்தாள். முதலில் நான் வார்த்தை இல்லாமல் முனக வேண்டும். அடுத்து வார்த்தையோடு பாட வேண்டும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து. பாதியில் நான் நிறுத்திக்கொண்டு அவரைத் தனியாக முடிக்க விட வேண்டும். கடைசியில் நான் கேள்வி கேட்க, அவர் பதிலாகப் பாட வேண்டும். அத்தனை நேரமும் இடது கையால் தொடையில் தாளம் தட்ட வேண்டும். ஒரு வேளைக்குக் கால் மணி நேரம். நாள் தவறக்கூடாது.

பத்து வார்த்தை எழுதிக் கொடுத்தாள். முதல் இரண்டையும் அடிக்கோடிட்டிருந்தாள்: வேண்டாம், வலிக்குது. அதற்குக் கீழேதான் தண்ணி, சோறு, பாத்ரூம் எல்லாம்.

"ஆளுக்கு 'வேண்டாம்'னு சொல்ல அறியணும் சேச்சி. அதல்லே முதல்ல வேண்டியது?" என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எந்த ஸ்கேல்?

எனக்குப் பாட்டு சுத்தமாக வராது. என் தாலாட்டுக்குக்கூட எந்தப் பிள்ளையும் தூங்கியதில்லை. குரல் ஓரிடத்தில் நிற்காது. அதனால்தான் கிட்டார். கம்பியில் விரல் வைத்தால் சுரம் தன்னால் வரும், அதைப் பிடித்துக்கொண்டு நான் பாடிவிடலாம் என்று நினைத்தேன். நாற்பத்தாறு வயதில், வேறு யார் கையும் படக்கூடாது என்று அவர் முப்பது வருடம் காத்த கிட்டாரைத் தொட்டேன்.

போனில் தேடினேன். ஒருத்தன் முப்பது ஸ்கேல் என்கிறான். ஒருத்தன் கழுத்து முழுக்க ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள் என்கிறான். இன்னொருத்தன் தாடியைத் தடவிக்கொண்டு, எல்லாவற்றையும் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்தால்தான் நீ ஆள் என்கிறான். ஒரு வாரம் அவர்கள் பேச்சைக் கேட்டு விரல் பிய்ந்ததுதான் மிச்சம். ஜெபராஜுக்குப் போன் போட்டு ஒரு மூச்சு அழுதேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கம்பம் இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். நான் ஆரம்பத்தில் சொன்ன சாயங்காலம் அதுதான்.

வந்ததும் அவன் ஸ்கேலைப் பற்றிப் பேசவே இல்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முனகுவதை அரைமணி நேரம் கேட்டான். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணன் குரலு இப்ப ஜி-யிலதான் வந்து ஒக்காருது. மேல போனா இருமலு. கீழ போனா காத்து. அப்ப நமக்கு ஜி தவிர வேற எதுவும் வேண்டாம். மூணாவது கம்பியச் சும்மா விட்டாலே ஜி. ரெண்டாவது ஃப்ரெட்டு ஏ. நாலாவது ஃப்ரெட்டு பி. இது மேஜர். கடைசிய மட்டும் ஒரு ஃப்ரெட்டு பின்னால இழுத்து மூணுல வச்சா மைனர். ஸ்கேலுன்னா ஏழு சுரம் உண்டு. நீங்க ஏழும் படிங்க, அண்ணனுக்கு மூணு குடுங்க" என்றான்.

கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற கட்டைகளைத்தான் ஃப்ரெட் என்பார்கள்.

"வேகமா வாசிக்காதீய. ஒரு சுரம் முழுசா ஒலிச்ச பெறகு அடுத்தது. ஏறினா எறங்கணும். தப்பினா மொதல்லருந்து வராதீய, தப்பின எடத்த மட்டும் பத்து தடவ. விரலு வலிச்சா வச்சிருங்க" என்று பாடம் சொன்னான். வாராவாரம் நாங்கள் பழகுவதைப் போனில் பதிந்து அனுப்பச் சொன்னான்.

பழகினேன். விடியாலே பாலை ஊற்றிவிட்டு வந்து ஒரு தடவை, பொழுதோடே விளக்கு வைத்துவிட்டு ஒரு தடவை. இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. அந்தக் காய்ப்பு மடியில் பட்டால் மாடு சும்மா இருக்குமா? எங்கள் செவலை, தலையீற்றிலிருந்து என் கைக்குத் தவிர யாருக்கும் பால் சுரக்காதவள், ஒருநாள் பால் வாளியோடு சேர்த்து என்னை உதைத்துத் தள்ளினாள். அப்புறம் வெண்ணெய் தடவிக்கொண்டுதான் கறந்தேன். கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விளக்கு நேரத்து வார்த்தைகள்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு எரிகிற நேரத்தில் 'இல்லை', 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வரக்கூடாது. உப்பு தீர்ந்துபோனால் 'உப்பு வாங்கணும்' என்போம். அந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன சொல்கிறோமோ அது அப்படியே பலித்துவிடும் என்பது நம்பிக்கை. நோவு, சாவு பேச்சுக்கு இடமே கிடையாது. ஜெபராஜிடம் அன்று கோபத்தில் நானே அந்த வழக்கத்தை மீறியிருந்தேன்.

எனக்குப் பழகக் கிடைத்த இரண்டு வேளையும் விளக்கு எரிகிற வேளைதான். விடியால் ஒன்று, பொழுதோடே ஒன்று. நடுவில் மாடு, தென்னை, சமையல், அவரைக் குளிப்பாட்டுவது. இந்த லட்சணத்தில் ரம்யா கொடுத்த பட்டியலைப் பார்த்தால் முதல் வார்த்தையே 'வேண்டாம்'. இரண்டாவது 'வலிக்குது'.

பாதி செத்துப் பிழைத்த மனிதரைத் தினம் இரண்டு வேளை விளக்கு முன்னால் உட்கார வைத்து 'வலிக்குது, வலிக்குது' என்று நான் பாட வைப்பதா? அதுவும் அந்த அழுகிற ஸ்கேலில்? என் மனசு ஒப்பவில்லை.

அன்று தாளை மடித்தபோது ஜெபராஜ் விடவில்லை. "என்னக்கா சொல்லுதீய? சந்தோசத்துக்கு ஒண்ணு, சங்கடத்துக்கு ஒண்ணு. வலிக்குன்னு மேஜர்ல பாடினா ஏதோ கல்யாண வீட்டுல பாடுத மாரி இருக்கும். அண்ணனுக்கே சிரிப்பு வந்திரும்."

"வலிக்குதுன்னு அவுரு எதுக்குப் பாடோணும்? நான் பக்கத்துலயேதான இருக்கறேன். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

எனக்குத் தெரியாதா! இந்தச் சொல்லை எத்தனை இராத்திரி நான் திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன். ஜெபராஜ் கிட்டாரை என் மடிக்கு மாற்றி வைத்தான். நான் அவனைவிட மூத்தவள், அவன் அண்ணனின் மனைவி. அவன் என்னதான் செய்வான்.

பட்டியலில் இருந்து அந்த இரண்டையும் அடித்தேன். அந்த இடத்தில் நானாக ஒன்று எழுதிக்கொண்டேன்: நல்லாருக்கறன். அதைத்தான் முதல் பாடமாக வைத்தேன். நல்லா, சும்மா விட்ட கம்பி. ருக், இரண்டாவது ஃப்ரெட். கறன், நாலாவது ஃப்ரெட். விளக்கு முன்னால் தினம் இரண்டு வேளை அவர் வாயால் அதைச் சொன்னால் அது பலிக்காமலா போய்விடும்?

ரம்யா ஒவ்வொரு தடவையும் கேட்பாள், "'வேண்டாம்' பழகுன்னுண்டோ சேச்சி?" என்று. "ஆமாங்க, பழகிட்டுத்தான் இருக்கறோம்" என்று கூசாமல் பொய் சொல்வேன்.

ஊர் கேட்டது

இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. ஒரு விடியாலே நான் "எப்படி இருக்கறீங்க?" என்று பாடி நிறுத்தினேன். அவர் தொடையில் தட்டி, மூச்சு வாங்கி, "நல்லா... ருக்... கறன்" என்றார். முழுசாக. சுதி சுத்தமாக. நான் கிட்டாரை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் தண்ணி வந்தது, சோறு வந்தது, என்னைக் கூப்பிடுகிற 'அம்மிணி' வந்தது. ஊர் பார்க்க வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் "என்னங் கதிர்வேலு, எப்படி இருக்கறீங்க?" என்று கேட்பார்கள். அவர் தாளம் தட்டி "நல்லாருக்கறன்" என்று பாடுவார். கேட்டவர்கள் கண் கலங்கிக் கை கொட்டுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. வந்தவர்களை மறுபடி கேட்கச் சொல்வேன். அவருக்கு அது பிடித்திருந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், பிடிக்கவில்லை என்று சொல்ல அவரிடம் வார்த்தை கிடையாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆமாம், இல்லை என்று அவர் தலையாட்டுவதை நம்ப முடியாது. அந்த நோயில் அதுவும் மாறிப்போகும். சோறு வேணுமா என்றால் இல்லை என்று ஆட்டிவிட்டுத் தட்டை இழுப்பார். காரணம் இல்லாமல் அழுவார். 'அழுதாலும் பயப்படண்டா' என்று ரம்யா முன்னாலேயே சொல்லியிருந்தாள். ஆகவே நான் பாட்டை மட்டுந்தான் நம்பினேன்.

சுதி தப்பிய நாலு நாள்

ஒரு திங்கட்கிழமை. விடியாலே பழக உட்கார்ந்தோம். "நல்லாருக்கறன்" என்றார். கடைசிச் சுரம் மேலே போகவில்லை, கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.

"ஏனுங்க, சுதி தப்புதுங்க. மேல வாங்க" என்று நாலாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டிக் காட்டினேன். மறுபடி பாடினார். மறுபடி கீழே. தப்பின இடத்தை மட்டும் பத்து தடவை என்று ஜெபராஜ் சொல்லியிருந்தான் அல்லவா? பத்து தடவை பாட வைத்தேன். பத்து தடவையும் கீழேதான் வந்தது. தாளமும் தொடையில் விழவில்லை. இடது கையை வயிற்றுக்கு மேலே கொண்டுபோய் வலது பக்கம் அடிவயிற்றில் தட்டிக்கொண்டிருந்தார். "தாளம் இங்க போடுங்க" என்று கையை எடுத்துத் தொடையில் வைத்தேன்.

மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். பிடிவாதம் என்று நினைத்து நாலு வாய் திணித்தேன். வாந்தி எடுத்தார். பித்தம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பொழுதோடே பாடும்போது அவர் இடது கையை நீட்டி, கம்பியில் இருந்த என் விரலைப் பிடித்தார். பிடித்து, நாலாவது ஃப்ரெட்டிலிருந்து மூன்றாவதற்கு இழுத்து வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். ஆமாம், தட்டிவிட்டேன். "சும்மா இருங்க, எனக்குத் தெரியும்" என்று விரலைப் பழைய இடத்தில் வைத்தேன். அவர் அழுதார். அழுதாலும் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களே. பயப்படவில்லை.

புதன்கிழமை உடம்பு சுட்டது. மாத்திரை கொடுத்து, ஈரத்துணி போட்டேன். அன்றைக்கும் விடவில்லை. மாட்டுக்குக் காய்ச்சல் என்று கறக்காமல் விட்டால் மடி கெட்டுவிடும், அதே புத்திதான் எனக்கு இங்கேயும். காய்ச்சலோடு உட்கார வைத்து மூன்று தடவை பாட வைத்து, பதிந்து, ஜெபராஜுக்கு அனுப்பினேன். 'சுதி நிக்க மாட்டேங்குது தம்பி, என்ன பண்ணட்டும்?' என்று கேட்டிருந்தேன்.

தோட்டத்துக்குள்ளே போனுக்கு டவர் கிடைக்காது. வியாழக்கிழமை காலையில் ரோட்டுக்கு வந்துதான் கேட்டிருக்கிறான். உடனே கூப்பிட்டான்.

"அக்கா, அண்ணனுக்கு என்ன செய்யுது?"

"நல்லாத்தான் இருக்கறார். லேசாக் காய்ச்சல். சுதிதான் தப்புது."

"தப்பலக்கா" என்றான். "தப்புனா ஒரு தடவ இங்கன விழும், ஒரு தடவ அங்கன விழும். மூணு தடவையும் ஒரே எடத்துலல்லா நிக்காரு. அது மைனர். அண்ணன் தெரிஞ்சேதான் பாடுதாரு. முப்பது வருசமாச் சுதி தப்பாத ஆளு, இப்பவா தப்பப் போறாரு? அக்கா, அவருக்கு எங்கயோ வலிக்கு. ஒடனே பாருங்க."

போனைக் கட்டிலில் போட்டேன். கிட்டாரை எடுத்தேன். நாலு நாளாக அவர் காட்டிய மூன்றாவது ஃப்ரெட்டில் விரலை வைத்து, எனக்கு வராத குரலில் "வலிக்குதா?" என்று பாடினேன்.

"வ... லிக்... குது" என்றார்.

முனகிக் காட்டவில்லை, சேர்ந்து பாடவில்லை, பத்து தடவை சொல்லித் தரவில்லை. கேட்டதும் வந்துவிட்டது. என் கையை இழுத்து அடிவயிற்றின் வலது பக்கத்தில் வைத்துக்கொண்டார். வயிறு பலகையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில்

பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவியிருக்கிறது என்றார்கள். உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். "நாலு நாளாச்சே, ஆள் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். சொன்னார் என்று எப்படிச் சொல்வேன்? விரலைப் பிடித்து இழுத்தே சொன்னார் என்று எந்த வாயால் சொல்வேன்?

என்னைத் தேற்றுகிறவர்கள், விதி என்கிறார்கள். நல்லதுக்குத்தானே செய்தாய் என்கிறார்கள். நல்லதுக்குத்தான் செய்தேன். ஒரு மனிதருக்கு இருந்த ஒரே வாயில், நல்லது மட்டும் வரட்டும் என்று நான் கதவு போட்டேன். சந்தையில் அவரைக் குடிகாரன் என்று இழுத்துப் போட்டவர்களுக்கு இரண்டு மணி நேரம். எனக்கு நாலு நாள். இதுதான் வித்தியாசம். இதை எழுதாமல் இந்தத் தொடரில் வேறு எதை எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். உள்ளே தயார் செய்கிறார்கள், கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். அவர் கண் பாதி மூடியிருந்தது. உதடு காய்ந்திருந்தது. இடது கை என் புடவை முந்தானையைப் பிடித்திருந்தது. மெல்லப் பாடிக்கொண்டே இருந்தார். வலிக்குது. வலிக்குது. மூன்று சுரம். கிட்டார் இல்லை, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் கடைசிச் சுரம் அதே இடத்தில், இம்மி பிசகாமல் நின்றது. நானும் கூடவே முனகினேன்.

புதிதாக டியூட்டிக்கு வந்த நர்ஸ் ஒருத்தி அந்தப் பக்கம் போனாள். சின்னப் பெண். நின்று பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"ஆளு பாட்டெல்லாம் பாடுன்னுண்டல்லோ சேச்சி! அப்ப சுகமாயி, இல்லே?"

"பாடலீங்க" என்றேன். "வலிக்குதுன்னு சொல்றாருங்க."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட உள்ளே ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

அதற்கப்புறம் அவர் கண் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது. அவர் பேச்சு போனதிலிருந்து அதுவரை, அவர் சொன்னதை உள்ளபடி நான் இன்னொருவருக்கு எடுத்துச் சொன்னது நர்ஸிடம் சொன்ன அந்த ஒரு தடவைதான்.